ஓடத் தெரிந்த பெண்ணுக்கு எந்தப் பள்ளி?

'பப்ளிக் ஸ்கூல்' என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நம் ஊரில் அந்தப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தால், உள்ளே போகுமுன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக் கொள்வோம். சீருடை, வேன், டொனேஷன் என்று பெரிய பட்டியலே வரும். நான் குடியிருக்கும் அமெரிக்காவில் கதை நேர் எதிர். இங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் அசல் அரசாங்கப் பள்ளிக்கூடம். அந்த ஊரில் வீடு இருந்தால் போதும்; கட்டணம் இல்லாமல் படிக்கலாம். காசு கட்டிப் படிப்பது பிரைவேட் ஸ்கூல். எங்கள் நியூ ஜெர்சி மாநிலத்தில், விளையாட்டில் பேர் வாங்கிய தனியார் பள்ளிகள் பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகள்.

இதை என் மாமியாருக்கு டெலிபோனில் விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "பேத்திய கவர்மெண்ட் பள்ளிக்கூடத்திலயா சேத்திருக்கிய? ஏம்மா, அமெரிக்கா போயும் அதுதானா?" என்று திருநெல்வேலியிலிருந்து ஒரே கவலை அவர்களுக்கு.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு கிளம்பியதற்குக் காரணம் படிப்பு அல்ல, ஓட்டம். என் மூத்த பெண் சின்ன வயதிலிருந்தே நடந்ததைவிட ஓடியதுதான் அதிகம். ஏழாம் வகுப்பில் 'கிராஸ் கன்ட்ரி' அணியில் சேர்ந்தாள். மைதானத்தை வட்டமடிக்காமல் புல்வெளி, மேடு, பள்ளம், மரங்களுக்கு நடுவே மண்பாதை என்று ஓடுகிற நெடுந்தூர ஓட்டம் அது. எட்டாம் வகுப்பில் பக்கத்து ஊர்ப் பெண்களையெல்லாம் முந்திக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான், வீட்டுக்குக் கடிதம் வந்துவிட்டது!

கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். 'உங்கள் மகள் ஒரு நாள் எங்கள் பள்ளியை வந்து பார்க்க வேண்டும்' என்று அழைப்பு. பின்னாலேயே தெரிந்தவர் ஒருவர் மூலம் தூது. "அங்கே ஓட்டத்துக்கு மட்டும் மூன்று பயிற்சியாளர்கள். போன வருஷக் கோப்பையும் அவர்களுக்குத்தான். உங்கள் பெண் அங்கே சேர்ந்தால் எங்கேயோ போய்விடுவாள்!" என்றார். விளையாட்டுக்காகப் பிள்ளைகளை இப்படி வலை வீசிப் பிடிக்கக் கூடாது என்பது இந்த மாநிலத்துப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் விதி. ஆனால் கடிதத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லையே! எல்லாருக்கும் அனுப்பும் அழைப்புதான் என்று சொல்லிவிட்டால் யார் என்ன கேட்க முடியும்?

கட்டணம் வருஷத்துக்கு 20,000 டாலருக்கு மேல். என் கணவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். "நாலு வருஷம் இப்படி. அதுக்கப்புறம் காலேஜ். சின்னவன் வேற இருக்கான்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆனால் பெண்ணின் மனசு காகிதத்தில் இல்லை. எங்கள் தெருவிலேயே இருக்கும் அவளுடைய உயிர்த்தோழி, தினமும் அவளோடு ஓடுகிறவள், அந்தப் பள்ளிக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. "அவ போறாம்மா. நானும் போறேனே…" என்று இவள் கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பணம் இல்லை என்று சொல்வது ஒரு பதில்தான். ஆனால் அது மட்டும்தான் பதில் என்றால், பின்னால் என்றைக்காவது 'அங்கே போயிருந்தால்…' என்று அவளும் நினைப்பாள், நானும் நினைப்பேன். அதனால், விஷயத்தை முழுக்கத் தெரிந்துகொண்டு முடிவு செய்வோம் என்று இறங்கினேன்.

தெரிந்துகொள்ளப் போனால், இது எங்கள் வீட்டுச் சண்டை மட்டும் இல்லை. இந்த நாட்டில் பல மாநிலங்களில் வருஷக்கணக்காக நடக்கிற சண்டை! அரசுப் பள்ளிக்கு எல்லை உண்டு. அந்த ஊரில் குடியிருக்கும் பிள்ளைகள்தான் அதன் பிள்ளைகள். உயரமான பையன் வேண்டும் என்றால், அந்த ஊரில் யாராவது பெற்று வளர்த்திருக்க வேண்டும்! தனியார் பள்ளிக்கு அந்த எல்லை கிடையாது. சுற்று வட்டாரத்தில் எங்கே நன்றாக ஓடுகிற, நன்றாகப் பந்தாடுகிற பிள்ளை இருந்தாலும் வந்து சேரலாம். பிறகு இரண்டு பள்ளிகளையும் ஒரே மைதானத்தில் மோத விட்டால் என்ன நியாயம் என்று அரசுப் பள்ளிப் பெற்றோர் கேட்கிறார்கள். நாங்களும் வரி கட்டுகிறோம், எங்கள் பிள்ளைகளை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும் என்று தனியார் பள்ளிப் பெற்றோர் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஒவ்வொரு மாநிலமும் இதற்கு ஒவ்வொரு வைத்தியம் பார்த்திருக்கிறது. டெக்சஸில் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு சங்கம், தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேறு சங்கங்கள். இல்லினாய் மாநிலத்தில் 2005-ல் ஒரு பெருக்கல் கணக்கைக் கொண்டுவந்தார்கள். ஊர் எல்லை இல்லாத பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கு என்றார்கள். 1,000 பேர் படிக்கும் தனியார் பள்ளி, போட்டிக்கு வரும்போது 1,650 பேர் உள்ள பெரிய பள்ளியாகக் கணக்கு! தன்னைவிடப் பெரிய பள்ளிகளோடு அது மோத வேண்டும்.

எங்கள் நியூ ஜெர்சியில் ஒரே சங்கம்தான். ஆனால் மாநிலக் கோப்பை என்று வரும்போது அரசுப் பள்ளிகளுக்குத் தனிப் பிரிவுகள், தனியார் பள்ளிகளுக்குத் தனிப் பிரிவுகள். பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கூடைப்பந்தைச் சொல்வார்கள். 1989 முதல் எல்லாப் பிரிவுகளின் முதல்வர்களையும் கூட்டி ஒரு கடைசிச் சுற்று நடத்தினார்கள். கோப்பை பெரும்பாலும் தனியார் பள்ளிகளின் அலமாரிக்கே போனது. 2022-ல் கடைசியாக நடந்தபோதும் ஆண், பெண் இரண்டு கோப்பைகளும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கே. அதோடு அந்தச் சுற்றை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் நமக்குப் பழகிய டான் பாஸ்கோ என்ற பெயரிலேயே இங்கே ராம்சி என்னும் ஊரில் ஓர் ஆண்கள் பள்ளி இருக்கிறது. 2009-லும் 2011-லும் ஒரு பெரிய தேசியப் பத்திரிகையின் பட்டியலில், அமெரிக்கப் பள்ளிக் கால்பந்தில் நாட்டுக்கே முதலிடம் அதற்கு! பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் மட்டும் ஆடும் அணி அதோடு மோதினால் எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் கேட்டதும், 'ஓஹோ, பணக்காரப் பள்ளி ஜெயிக்கிறது, ஏழைப் பள்ளி தோற்கிறது, அவ்வளவுதானே' என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஜெர்சி சிட்டியில் செயின்ட் ஆன்டனி என்று ஒரு பள்ளி இருந்தது. கன்னிகாஸ்திரீகள் நடத்திய சின்னஞ்சிறு பள்ளி. படித்தவர்களில் பெரும்பாலோர் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்குச் சொந்தமாக ஒரு கூடைப்பந்துக் கூடம்கூடக் கிடையாது! பிங்கோ ஆடும் ஒரு பழைய மண்டபத்தில்தான் பல காலம் பயிற்சி. பயிற்சியாளர் பாப் ஹர்லி, நீதிமன்றத்தின் கீழ் நன்னடத்தை அதிகாரியாக உத்தியோகம் பார்த்துக்கொண்டே பிள்ளைகளைப் பழக்கினார். 1972-லிருந்து 2017 வரை அவர் அணி வாங்கிய மாநிலக் கோப்பைகள் 28! கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் 2010-ல் அவரைச் சேர்த்தார்கள். இத்தனை இருந்தும், கையில் பணம் இல்லாமல் 2017-ல் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். 28 கோப்பைகள் சேர்ந்தும் ஒரு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்று படித்தபோது எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

இன்னொரு பக்கம், அரசுப் பள்ளி என்றால் எல்லாம் சமம் என்றும் நினைத்துவிடாதீர்கள். இங்கே ஊர்ப் பள்ளியின் செலவில் பெரும்பங்கு வீட்டு வரியிலிருந்து வருகிறது. நியூ ஜெர்சியின் வீட்டு வரி நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. வசதியான ஊரின் அரசுப் பள்ளியில் செயற்கைப் புல் போட்ட மைதானம், இரவு விளக்கு, ஆறு வழி ஓடுபாதை எல்லாம் இருக்கும். ஏழை நகரத்துப் பள்ளியில் விரிசல் விட்ட தார்த்தரைதான் மைதானம். நல்ல பள்ளிக்காக வாடகை அதிகமான ஊருக்குக் குடிபோகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களைப் பொறுத்தவரை பள்ளிக் கட்டணத்தை வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, 'அரசா, தனியாரா' என்ற பெயர்ப் பலகையை வைத்து என் கேள்விக்குப் பதில் கிடைக்காது என்று புரிந்துவிட்டது. கோப்பைகளை எண்ணினாலும் கிடைக்காது. அப்படியானால் ஒரு தாய் எதைத்தான் பார்ப்பது? எங்கள் வீட்டில் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு இரண்டு பள்ளிகளுக்கும் போனோம். பெண்ணையும் கூட அழைத்துப் போனோம். முடிவு அவள் காலைப் பற்றியது அல்லவா?

முதல் கேள்வி: உங்கள் அணியில் எத்தனை பெண்கள்? தனியார் பள்ளியில் தேர்வு வைத்து இருபது பேரை எடுக்கிறார்கள். மற்றவர்கள் வேறு விளையாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஊர்ப் பள்ளியில் தேர்வே கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் ஓடலாம். ஐம்பதுக்கு மேல் பெண்கள்.

இரண்டாம் கேள்வி: கடைசியாக வருகிற பெண்ணுக்கு நீங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள்? தனியார் பள்ளிப் பயிற்சியாளர் நல்ல மனிதர், மறைக்காமல் பேசினார். "எங்கள் நேரம் முதல் ஏழு பேருக்குத்தான் அதிகம் போகும்" என்றார். ஊர்ப் பள்ளியில் அந்தக் கேள்விக்கு வாயால் பதில் வரவில்லை. நாங்கள் போன சமயம் பயிற்சி முடிகிற நேரம். ஓடி முடித்தவர்கள் யாரும் பையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசிப் பெண் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்த பிறகுதான் எல்லாரும் கலைந்தார்கள். என் பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, யாருமே வீட்டுக்குப் போகலையே" என்றாள், என் காதில்.

மூன்றாம் கேள்வி: எத்தனை நாள் ஓய்வு? இதை ஏன் கேட்டேன் என்றால், வளர்கிற எலும்பு இன்னும் முழுசாக இறுகாத எலும்பு. வருஷம் முழுவதும் ஒரே விளையாட்டை ஒரே விதமாக ஆடினால், எலும்பில் மயிரிழை போல விரிசல் விழலாம், தசைநாண் வீங்கலாம். ஒரு விளையாட்டில் வாரத்துக்கு 1 அல்லது 2 நாளாவது ஓய்வு வேண்டும், ஒரே விளையாட்டோடு கட்டிப்போடுவதை 15, 16 வயது வரையாவது தள்ளிப்போட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல் சொல்லியிருக்கிறது. என் பெண்ணுக்கு அப்போது வயது 13. தனியார் பள்ளியில் இலையுதிர் காலம், குளிர்காலம், வசந்தம் மூன்றிலும் ஓட்டம்தான். ஊர்ப் பள்ளியில், "வசந்தத்தில் வேண்டுமானால் சாஃப்ட்பால் ஆடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் பயிற்சியாளர் அம்மாள்.

என் கணவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. பெரிய பள்ளியில் ஓடினால் கல்லூரிக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைக்குமே என்று. விசாரித்தால், உயர்நிலைப் பள்ளியில் விளையாடும் பிள்ளைகளில் அப்படி உதவித்தொகை பெறுபவர்கள் சுமார் 2 சதவீதம்தான் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கமே சொல்கிறது. நூற்றில் இரண்டு! லாட்டரிச் சீட்டு வாங்க 80,000 டாலரா என்று அவரே சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என் பெண் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "நான் நம்ம ஊர் ஸ்கூலுக்கே போறேன்மா. ஆனா அவளோட ஞாயித்துக்கிழமை ஓடுவேன். அதுக்கு நீ எதுவும் சொல்லக்கூடாது" என்றாள். நான் ஏன் சொல்லப் போகிறேன்!

தோழி அந்தப் பள்ளிக்குப் போனாள். அங்கே முதல் ஏழு பேருக்குள் வந்துவிட்டாள். அவர்கள் பிரிவில் கோப்பையும் வாங்கினார்கள். அந்தக் குழந்தைக்கு அது சரியான இடம். நன்றாக இருக்கட்டும். என் பெண் பத்தாம் வகுப்பில் தன் பள்ளியின் ஆறாவது ஆளாக ஓடினாள். கிராஸ் கன்ட்ரியில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. ஒரு பள்ளிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதல் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்கள் என்று கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்தப் பள்ளிக்குக் குறைவோ அதற்கு வெற்றி. அப்படியானால் ஆறாவது ஆளுக்கு என்ன வேலை? இருக்கிறது! எதிரணியின் ஐந்தாவது பெண்ணை அவள் முந்திவிட்டால், அந்தப் பெண்ணின் இடம் ஒன்று பின்னால் போகும். எதிரணியின் கூட்டுத்தொகை ஒன்று ஏறும். பேர் வராது, ஆனால் கணக்கில் வரும். நம் வீடுகளில் பெண்கள் செய்கிற வேலை மாதிரியே இல்லை?

மான்மத் மாவட்டத்தில் ஹோம்டெல் பூங்கா என்று ஓர் இடம் இருக்கிறது. இந்த மாநிலத்தில் கிராஸ் கன்ட்ரி ஓடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரியும். 5 கிலோமீட்டர். நடுவில் 'கிண்ணம்' என்று பேர் வைத்த ஒரு பள்ளம். இறங்குவது சுகம், ஏறுவதற்குள் உயிர் போய்விடும். பிரிவுப் பந்தயங்களில் அரசுப் பள்ளிப் பெண்கள் தனியாகவும், தனியார் பள்ளிப் பெண்கள் தனியாகவும் அதில் ஓடுகிறார்கள். அதற்குப் பிறகு, நன்றாக ஓடிய அணிகளையும் பெண்களையும் மட்டும் பிரிவு பார்க்காமல் ஒரே கோட்டில் நிற்க வைத்து ஒரு கடைசிப் பந்தயம். அந்தக் கிண்ணத்தில் ஏறும்போது யார் காசு கட்டியவள், யார் கட்டாதவள் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாக் குழந்தையின் முகமும் ஒரே சிவப்பு.

இதைச் சொல்லும்போது 1972-ஐயும் சொல்ல வேண்டும். அரசாங்கப் பணம் வாங்கும் பள்ளிகளில் பெண்களுக்கு வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்த வருஷம் அது. அதற்கு முந்தைய பள்ளி ஆண்டில் நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. 2018-19-ல் 34 லட்சம்! இத்தனை பெண்கள் எப்படி வந்தார்கள்? கோப்பைகளைக் கூட்டியதால் அல்ல. மைதானத்தில் இடம் கூட்டியதால். என் பெண்ணின் பள்ளியில் கடைசியாக வருகிற அந்தப் பெண்ணும் இந்த 34 லட்சம் போன்ற கணக்கில்தான் சேர்த்தி.

எந்தப் பள்ளியானாலும் நம் பொறுப்பு சில உண்டு. ஓடுகிற பெண்ணுக்குப் பசி அதிகம். 'குண்டாகிவிடுவாய்' என்று தட்டை இழுக்காதீர்கள். இரும்புச் சத்து குறைந்தால் முதலில் ஓட்டம்தான் தளரும். கீரை, பயறு, பேரீச்சம்பழம், அசைவம் உண்பவர்கள் என்றால் ஈரல், மீன் தாராளமாகக் கொடுக்கலாம். பயறு, கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றுபோனால், 'ஓடுகிறாள், அதனால்தான்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். காலில் ஒரே இடத்தில் வலி தொடர்ந்து இருந்தால், போட்டியே நாளைக்கு என்றாலும் ஓட விடாதீர்கள்.

என் மாமியார் இப்போது ஞாயிறுதோறும் போன் செய்கிறார்கள். "யாரு முந்தி வந்தா?" என்றுதான் முதல் கேள்வி. "ஆச்சி, நான் ஆறாவது" என்கிறாள் இவள் பெருமையாக. "ஆறாவதா! எத்தன பேர்ல?" "அம்பது பேர்ல, ஆச்சி." "அப்ப சரி!" என்று அவர்களுக்கும் பெருமை.

நம் நாட்டிலும் 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒரு பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றில் விளையாட்டு மைதானத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. அடுத்த முறை பிள்ளைக்கு இடம் கேட்டு ஒரு பள்ளிக்குப் போகும்போது, வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள் மின்னும். பார்த்துச் சந்தோஷப்படுங்கள். பிறகு தலைமை ஆசிரியையிடம் மெதுவாக ஒன்று கேளுங்கள்: "இவ்வளவையும் எத்தனை பிள்ளைகள் சேர்ந்து வாங்கினார்கள்? அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.